வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிறீர்களா? ஆளைத் தேர்ந்தெடுப்பது முதல் அட்வான்ஸில் கழிப்பது வரை

சொந்த வீடு. கீழே நீங்கள், மேலே ஒரு போர்ஷன் காலி. இல்லையென்றால், பெங்களூருவிலோ புனேயிலோ லோன் போட்டு வாங்கிய ஃபிளாட்டில் ஒரு ரூம் சும்மா பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விட்டால் மாதாமாதம் இஎம்ஐ பாரம் கொஞ்சம் குறையும். கணக்குப் போட்டால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது.

கணக்கில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. வேறு ஊரில் உள்ள ஃபிளாட்டை வாடகைக்கு விட்டவர், அங்கே குடியிருப்பவரை வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம். நீங்களோ தினமும் மாடிப்படியில் பார்ப்பீர்கள். தண்ணீர் மோட்டார், கேட் பூட்டு, பைக் நிறுத்தும் இடம், மொட்டை மாடிக் கொடி எல்லாமே பொது. வாடகை தாமதமானாலும் பாத்ரூம் டைல் உடைந்தாலும், பேசி முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிப் போக முடியாது. ஏனென்றால் அதுதான் உங்கள் வீடு.

புதிதாக ஹவுஸ் ஓனர் ஆகிறவர்கள் பலர் இங்கே இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். சிலர், "நம்ம வீட்டுப் பசங்க மாதிரி, எதுக்கு பேப்பர் எல்லாம்?" என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடுவார்கள். சிலர் ஹாஸ்டல் வார்டன் ஆகிவிடுவார்கள். யார் வந்தது, எத்தனை மணிக்கு லைட் அணைந்தது என்று கணக்கெடுப்பார்கள். வீடு காலி செய்யும் நாளில் இரண்டு பேருக்கும் ஒரே நிலைமைதான்: சுவரில் விரிசல் இருக்கிறது, அது எப்போது வந்தது என்று காட்ட கையில் ஒன்றும் இருக்காது.

சேதத் தகராறு வீடு காலி பண்ணும் நாளில் வெடிப்பதுபோலத் தெரியும். ஆனால் யார் பக்கம் தீரும் என்பது சாவி கொடுத்த நாளிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. எனவே சட்டத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்?

வாடகை, மாநில அரசுகளின் சட்டங்களுக்கு உட்பட்ட விஷயம். மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பெயரே சொல்வதுபோல அது ஒரு மாதிரிதான். உங்கள் மாநிலம் அதைத் தழுவி சொந்தமாகச் சட்டம் போட்டால்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். உத்தரப் பிரதேசமும் அசாமும் 2021-லேயே புதிய சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2017-ல் சட்டம் இயற்றி 2019 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தியது.

அட்வான்ஸ் விஷயத்தில் இது உடனே தெரியும். மாதிரிச் சட்டப்படி குடியிருப்புக்கு அதிகபட்சம் 2 மாத வாடகைதான் வாங்கலாம். தமிழ்நாட்டில் வரம்பு 3 மாத வாடகை. இருவரும் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் மட்டும் விலக்கு. "பத்து மாசம் அட்வான்ஸ்" என்பது பெங்களூருவிலும் சென்னையிலும் பழகிப்போன ஒன்று என்பதற்காக, அதுவே சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொரு பழக்கம் 11 மாத ஒப்பந்தம். 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம். ஆனால் "பதினோரு மாசம்தானே, பதிவு வேண்டாம்" என்பது எல்லா இடத்திலும் செல்லாது. தமிழ்நாட்டில் எழுத்துபூர்வ ஒப்பந்தமும், அதை அரசின் வாடகை இணையதளம் வழியாக வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் கட்டாயம். மகாராஷ்டிராவில் 1999-ம் ஆண்டு சட்டத்தின் 55-வது பிரிவு, பதிவு செய்யும் பொறுப்பை ஹவுஸ் ஓனர் தலையில் வைக்கிறது. பதிவு இல்லாமல் தகராறு வந்தால், ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதுதான் எடுபடும்; மாறாக நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

புதிய சட்டம் இல்லாத மாநிலங்களில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், அவை தொடாத இடத்தில் 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமும் பேசும்.

ஒரு ரூம் மட்டும் விட்டால்?

நீங்கள் இருக்கும் ஃபிளாட்டிலேயே ஒரு ரூம், சமையலறையும் ஹாலும் பொது என்றால், சட்டத்தின் பார்வை கொஞ்சம் மாறும். தனிச் சாவியோடு ஒரு போர்ஷனை முழுதாக ஒப்படைத்தால் அது குத்தகை. உங்கள் இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஒருவருக்கு அனுமதி மட்டும் கொடுத்தால் அது உரிமம். மும்பை, புனேயில் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று சொல்வது இதைத்தான். உரிமத்தை முடித்துக்கொள்வது ஒப்பீட்டளவில் எளிது.

ஆனால் பேப்பரில் 'லைசென்ஸ்' என்று எழுதிவிட்டால் போதாது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் சிகையலங்காரக் கடை நடத்தியவர் தொடர்பான வழக்கு 1959-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்திரத்தில் 'உரிமம்' என்றுதான் இருந்தது. ஆனால் அந்த அறைகள் முழுமையாக அவர் வசம் விடப்பட்டிருந்ததைப் பார்த்து, அது குத்தகைதான் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. எனவே தாளில் என்ன தலைப்பு போடுகிறீர்கள் என்பதைவிட, உண்மையில் இடம் யார் வசம் இருக்கிறது என்பதே முக்கியம்.

நம் ஊரில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பதையும் 'லீஸ்' என்கிறோம். அது வேறு ஏற்பாடு. ஒப்பந்தத்தில் இந்த வார்த்தையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஆளைப் பார்த்தா, ஆதாரத்தைப் பார்த்தா?

"பார்த்தா நல்ல பையனா தெரியறான்." வீடு விடும்போது அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். முகத்தை வைத்து முடிவெடுப்பதில் ஒரு சிக்கல்: அதைச் சரிபார்க்க முடியாது. உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டே கேள்விகள். இவரால் வாடகை கொடுக்க முடியுமா? ஒரே கூரையின் கீழ் இவரோடு ஒத்துப்போக முடியுமா?

முதல் கேள்விக்கு ஆவணம் பதில் சொல்லும். வேலையில் இருப்பவர் என்றால் கம்பெனி ஐடி, கடைசி 3 மாத சம்பளச் சீட்டு. சொந்தத் தொழில் என்றால் வருமான வரிக் கணக்கு. மாணவர் என்றால் பெற்றோருடன் பேசி, அவர்களையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பது. வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், 'எப்படிச் சமாளிப்பீங்க?' என்று நேராகவே கேட்கலாம். அது அவமரியாதை இல்லை.

ஆதார் நகல் வாங்கினால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' போதும். அதிலுள்ள க்யூஆர் கோடை அதிகாரபூர்வ செயலியில் ஸ்கேன் செய்தால் அட்டை நிஜமா என்று தெரிந்துவிடும். ஜெராக்ஸை வாங்கி பீரோவில் வைப்பதால் மட்டும் எதுவும் சரிபார்க்கப்படுவதில்லை.

பழைய ஹவுஸ் ஓனரிடம் கட்டாயம் பேசுங்கள். அதிலும் இப்போதைய ஓனரைவிட, அதற்கு முந்தைய வீட்டு ஓனரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். தொல்லை தரும் ஒருவரை அனுப்பிவிட நினைக்கும் இப்போதைய ஓனர், "தங்கமான மனுஷன் சார்" என்று சொல்லக்கூடும். முந்தையவருக்கு அந்த அவசரம் இல்லை. அவரிடமும் "எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை மாசம் இருந்தார்? வாடகை எந்தத் தேதிக்குள் வரும்? அட்வான்ஸில் எவ்வளவு கழிச்சீங்க, எதுக்கு?" என்று கேளுங்கள். குறிப்பான கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், அதுவே ஒரு தகவல்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் வர, முதலில் நீங்கள் பேச வேண்டும். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், மோட்டார் யார் போடுவது, பைக் எத்தனை நிறுத்தலாம், விருந்தினர் இரவு தங்கலாமா, நாய் வளர்க்கலாமா, மாலையில் டியூஷனோ மிருதங்க வகுப்போ நடக்குமா என்பதையெல்லாம் வீடு காட்டும்போதே சொல்லிவிடுங்கள். நைட் ஷிஃப்ட் போகிறவர் 3 மணிக்கு கேட் திறக்கும் சத்தம் உங்களுக்கு ஒத்துவராது என்றால், அது அவர் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. ஆனால் அதை இன்றைக்குச் சொல்வதும் ஆறு மாதம் கழித்துச் சொல்வதும் ஒன்றல்ல.

"நீங்க என்ன ஆளுங்க?"

வீடு பார்க்க வந்தவரிடம் இந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. சில நேரம் நேராக, பல நேரம் "பூர்வீகம் எது?", "ஒன்லி வெஜ்" என்று சுற்றிவளைத்து. டெல்லியிலும் சுற்றுப்புறங்களிலும் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று, தலித், முஸ்லிம் என்று தெரிந்ததும் வீடு மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது. வாடகைச் சந்தையில் இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கவென்றே தனியான மத்தியச் சட்டம் எதுவும் இல்லை என்பதும் உண்மை.

அறம் ஒருபக்கம் இருக்கட்டும். தேர்வு முறையாக மட்டும் பார்த்தாலே இந்தக் கேள்வி வீண். வாடகை ஒழுங்காக வருமா, சுவரை உடைப்பாரா என்பதைப் பற்றி ஒருவரின் சாதியோ மதமோ எதையும் சொல்வதில்லை. அதைக் கேட்டுத் திருப்தி அடைகிறவர், கேட்க வேண்டிய சம்பளச் சீட்டைக் கேட்காமல் விட்டுவிடுகிறார். 'பேச்சிலருக்கு இல்லை' என்பதும் இப்படித்தான். உங்கள் பயம் இரவுச் சத்தம் என்றால் இரவுச் சத்தம் பற்றிய விதியை வையுங்கள். குடும்பங்களும் சத்தம் போடும்.

வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே ஆவணங்கள், ஒரே விதிகள் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.

போலீஸ் வெரிஃபிகேஷன் அவசியமா?

பல நகரங்களில் காவல் ஆணையர்கள், குடிவைப்பவரின் விவரத்தை ஸ்டேஷனில் தர வேண்டும் என்று உத்தரவு போடுகிறார்கள். அப்படி ஓர் உத்தரவு இருக்கும்போது மீறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-வது பிரிவில் ஹவுஸ் ஓனர் மீது வழக்குப் பாயும். பல மாநிலப் போலீஸ் இணையதளங்களில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். குடிவருபவர் வெளிநாட்டவர் என்றால் இன்னும் கண்டிப்பு: 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு ஆன்லைனில் தகவல் தர வேண்டும். 'ஃபார்ம் சி' என்று பரவலாகச் சொல்வது இதைத்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது குற்றப் பின்னணி பற்றிய சரிபார்ப்பு மட்டுமே. வாடகை ஒழுங்காகத் தருவாரா என்று போலீஸ் சொல்லாது.

ஆன்லைனில் விளம்பரம் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டைப் பார்க்காமலேயே "ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகி வருகிறேன், அட்வான்ஸ் இப்பவே அனுப்பறேன்" என்று ஒருவர் அழைத்து, க்யூஆர் கோடு ஒன்றை அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னால், போனை வைத்துவிடுங்கள். யுபிஐ-யில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

சாவி கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம்

முழுச் செயல்முறையிலும் அதிகப் பலன் தரும் ஒரு மணி நேரம் இதுதான். சாமான் ஏறுவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், குடிவருபவரையும் கூட வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு வீடியோ எடுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடிக் காட்டுங்கள். ஃபேன், லைட், கீசர், எக்ஸாஸ்ட் ஓடுவதைக் காட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசல், கறை, உடைந்த டைல் ஆகியவற்றை மறைக்காமல் கிட்டத்தில் காட்டுங்கள். உங்கள் வீட்டின் குறையை நீங்களே பதிவு செய்வது கூச்சமாக இருக்கும். ஆனால் 'இது முன்னாடியே இருந்தது' என்று நீங்களே காட்டியிருந்தால்தான், 'இது அப்போ இல்லை' என்று நீங்கள் பின்னால் சொல்வது நம்பப்படும்.

கூடவே ஒரு பட்டியல். எத்தனை ஃபேன், என்ன கம்பெனி, எந்த ஆண்டு வாங்கியது, எத்தனை சாவி, ஈபி மீட்டர் ரீடிங் எவ்வளவு. இருவரும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். வீடியோவை அன்றைக்கே மெயிலில் அவருக்கும் அனுப்புங்கள். தேதியும் பதிவாகும், அவரிடமும் ஒரு நகல் இருக்கும். ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். வழக்கு என்று வந்தால், பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

முடிந்தால் மேல் போர்ஷனுக்குத் தனி ஈபி இணைப்பு வாங்கிவிடுங்கள். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் யூனிட் ஏறி மேல் ஸ்லாபுக்குப் போகும்; கூடுதல் தொகை யாருடையது என்று ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

தேய்மானம் எது, சேதம் எது?

வீட்டில் மனிதர்கள் வாழ்ந்தால் வீடு தேயும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, வாங்கியபோது இருந்த நல்ல நிலையிலேயே இடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று குடியிருப்பவரிடம் கேட்கிறது. ஆனால் நியாயமான தேய்மானத்துக்கும், மனித சக்திக்கு மீறிய நிகழ்வுகளுக்கும் விலக்கு தருகிறது. மாதிரிச் சட்டமும், வழக்கமாக வாழ்வதால் ஏற்படும் மாற்றத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

பெயிண்ட் மங்குவது தேய்மானம். சுவர் முழுக்கக் குழந்தை கிரேயானில் வரைந்தது சேதம். கதவுக் கீல் தளர்வது தேய்மானம். கதவில் ஓட்டை விழுவது சேதம். காலண்டர் ஆணி இரண்டு மூன்று என்றால் விட்டுவிடலாம். டிவி மாட்ட டைலைத் துளைத்து விரிசல் விட்டிருந்தால் கேட்கலாம்.

குடியிருக்கும்போது யார் எதைச் சரிசெய்வது என்பதற்கு, மாதிரிச் சட்டத்திலும் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் ஒரு பட்டியலே இருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஹவுஸ் ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், வடிகால் அடைப்பு, ஃபிளஷ், வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. இதை அப்படியே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை வராது. வயசாகிப்போன கீசரை மாற்றும் செலவு யாருடையது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். பத்து வருஷம் ஓடிய கீசர் அவர் கையில் நின்றுபோனால் அவரிடம் புதுசு கேட்பது நியாயமில்லை.

உங்கள் ஹால் சீலிங்கில் ஈரம்

மாடியில் குடியிருப்பவர், கீழே நீங்கள் என்றால், என்றாவது ஒருநாள் இது வரும். "மேலே தண்ணியைக் கொட்டறாங்க" என்று கிளம்புவதற்கு முன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

இரவு முழுக்க யாரும் தண்ணீர் புழங்காதபோதும் சொட்டினால், பெரும்பாலும் சுவருக்குள் ஓடும் சப்ளை பைப்பில் கசிவு. குளிக்கும்போது மட்டும் சொட்டினால், வடிகால் பக்கமோ டைல் இடுக்கிலோ பிரச்னை. முதலில் அடைப்பை எடுத்துவிட்டு, வடிகால் வாயை அடைத்து பாத்ரூமில் தண்ணீர் தேக்கிச் சில மணி நேரம் பாருங்கள். கீழே ஈரம் கூடினால் வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்கிறது. கூடவில்லை, ஆனால் வடிகாலில் தண்ணீர் ஊற்றியதும் சொட்டுகிறது என்றால் வடிகால் பைப் இணைப்பில் கசிவு.

சப்ளை பைப், வடிகால் பைப், வாட்டர்ப்ரூஃபிங் மூன்றும் உங்கள் செலவு. முடியும் சோப்பும் சேர்ந்து அடைத்துக்கொண்டது அவர் வேலை. கசிவைப் பார்த்தும் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்து, அதனால் சேதம் பெருகியிருந்தால் அதில் அவருக்கும் பங்குண்டு. சேதம் தெரிந்தவுடன் ஓனரிடம் சொல்வது மாதிரிச் சட்டப்படி குடியிருப்பவரின் கடமை. அவர் தயங்காமல் சொல்ல வேண்டும் என்றால், சொல்லும்போதெல்லாம் நீங்கள் கத்தாமல் இருக்க வேண்டும்.

பிளம்பர் மேலே போய்ப் பார்க்கணுமே? உங்கள் வீடுதான். ஆனாலும் நினைத்த நேரத்தில் போக முடியாது. 24 மணி நேரத்துக்கு முன்பே, என்ன காரணம், எத்தனை மணிக்கு என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கின்றன புதிய சட்டங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டு, அவர் பதில் வந்த பிறகு போவது நல்லது. வெள்ளம், தீ போன்ற அவசரம் வேறு விஷயம். உங்களிடம் ஒரு டூப்ளிகேட் சாவி இருக்கிறது என்றால், அதையும் ஒப்பந்தத்தில் எழுதி, அவசரத்துக்கு மட்டும் என்று வையுங்கள்.

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்ல?"

கழிக்கலாம். ஆனால் வாய்க்கு வந்த தொகையை அல்ல. அட்வான்ஸ் உங்கள் வருமானம் இல்லை. அது அவருடைய பணம், உங்களிடம் பிணையாக இருக்கிறது. அதைத் தனி டெபாசிட்டில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். இஎம்ஐ-க்குப் போய்விட்டால், அவர் காலி செய்யும்போது அடுத்த ஆள் அட்வான்ஸ் தரும்வரை இவரை இழுத்தடிக்க வேண்டியிருக்கும். பல சண்டைகள் சேதத்தால் தொடங்குவதே இல்லை. திருப்பித் தரப் பணம் இல்லாத ஓனர், சேதத்தைத் தேடுவதில்தான் தொடங்குகின்றன.

ஒரு கணக்கு பார்ப்போம். ஹாலுக்கு பெயிண்ட் அடிக்க 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயிண்ட் சுமார் 5 வருஷம் தாங்கும் என்று எடுத்துக்கொள்வோம். குடியிருந்தவர் 4 வருஷம் இருந்துவிட்டு, சுவரைப் பாழாக்கிவிட்டுப் போகிறார். அவர் சுவரைத் தொடாமலே இருந்திருந்தாலும் அடுத்த வருஷம் நீங்கள் பெயிண்ட் அடித்திருக்கத்தான் வேண்டும். அவரால் நீங்கள் இழந்தது மீதமிருந்த ஒரு வருஷம். அதாவது 4,000 ரூபாய். 20,000 கேட்டால், பழைய சுவரைக் கொடுத்துவிட்டுப் புதுச் சுவரை வாங்குகிறீர்கள். சட்டம் இப்படி ஒரு சூத்திரம் தரவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கணக்கை எந்த அதிகாரி முன்னாலும் தைரியமாக விளக்க முடியும்.

நடைமுறை இதுதான். காலி செய்யும் முன்பே, சாமான் இருக்கும்போது ஒரு முறையும், சாமான் போன பிறகு ஒரு முறையும், அந்தப் பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து சுற்றிப் பாருங்கள். சரிசெய்ய வேண்டியவற்றை அவரே சரிசெய்ய ஒரு வாய்ப்பு கொடுங்கள். இல்லையென்றால் இரண்டு இடத்தில் மதிப்பீடு வாங்கி, குறைந்ததை எடுங்கள். எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாக எழுதி, போட்டோவும் பில்லும் இணைத்து, மீதிப் பணத்தோடு அனுப்புங்கள். மாதிரிச் சட்டம் வீட்டை ஒப்படைக்கும் அன்றே கணக்கை முடிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஒரு மாதம் அவகாசம்.

சேதம் அட்வான்ஸைத் தாண்டினால்? புதிய சட்டம் உள்ள மாநிலங்களில் வாடகை அதிகாரியிடமும் வாடகை நீதிமன்றத்திடமும் போகலாம். மற்ற இடங்களில் சிவில் நீதிமன்றம். வேண்டுமென்றே உடைத்தார் என்பதற்குச் சாட்சி இருந்தால் மட்டும் போலீஸ். பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவு அதற்கு. கவனக்குறைவால் உடைந்த டைலுக்கு ஸ்டேஷன் போனால், 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்புவார்கள்.

தீ, வெள்ளம் போன்ற பெரிய இழப்புக்கு அட்வான்ஸ் எந்த மூலைக்கும் போதாது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டை விற்கின்றன. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர் டேங்க் வெடிப்பது போன்றவை அதில் வரும். தேய்மானம் வராது.

கோபத்திலும் செய்யக் கூடாதவை

வாடகை வரவில்லை, பேச்சும் சரியில்லை. மோட்டார் சுவிட்ச் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அணைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். கூடாது. தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதை மாதிரிச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போனால் உடனே இடைக்கால உத்தரவு வாங்க முடியும். இழப்பீடு தர வேண்டியவராகவும் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

பூட்டை மாற்றுவது அதைவிட மோசம். சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்பது கேள்வியே இல்லை. கோபத்தில் செய்த ஒரு காரியத்தால், வாடகை பாக்கி வைத்தவர் புகார்தாரராகவும் நீங்கள் எதிர்த்தரப்பாகவும் ஆகிவிடுவீர்கள்.

பாக்கி விழுந்த முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள். மெசேஜ், பிறகு மெயில், பிறகு வக்கீல் நோட்டீஸ். "பக்கத்துலதானே இருக்காங்க, எழுதிக் கேட்டா நல்லா இருக்குமா?" என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். ஆனால் மாடிப்படியில் நின்று கேட்கும்போது அது அக்கம்பக்கம் பார்க்கும் சண்டை ஆகிறது. மெசேஜில் கேட்கும்போது கணக்கு விஷயமாக நின்றுவிடுகிறது. பணமும் ரிப்பேரும் பேப்பரில் இருக்கட்டும். அப்போதுதான் மாடிப்படியில் பார்க்கும்போது "சாப்டாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போக முடியும்.